எதிரில் இருப்பவர் ஏன் அதை நகர்த்தினார்?

கேள்வி: சார், எனக்கு வயது 38. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாடகை ஷெட்டில் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். மாத விற்பனை 18 லட்சம். அதில் 60 சதவீதம் ஒரே கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் பணம் தர 110 நாள் ஆகிறது. பேப்பர் வாங்கிய இடத்தில் நான் 30 நாளில் கட்ட வேண்டும். வங்கியில் சிசி லிமிட் (தொழிலின் அன்றாட ஓட்டத்துக்கான கடன் வரம்பு) விளிம்பு வரை எடுத்தாயிற்று. வட்டி சேர்க்காமல் பார்த்தால், அந்தக் கம்பெனி ஆர்டரில் 100 ரூபாய்க்கு 9 ரூபாய் நிற்கும். போன வாரம் ஒரு ராத்திரி 10.40-க்கு அவர்களுடைய பர்சேஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில், "வேறொருவர் 6 சதவீதம் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் 10.55-க்கு "நானும் 6 சதவீதம் குறைக்கிறேன் சார்" என்று பதில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புது விலை. பர்சேஸ் ஆர்டர் இன்னும் வரவில்லை. நான் பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் செஸ் ஆடியவன். பத்து நகர்வு முன்னால் யோசிப்பவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் புத்தி வியாபாரத்தில் ஏன் கைகொடுக்கவில்லை? இந்த ஆட்டத்தை ரிசைன் செய்துவிடலாமா? என் மகனுக்கு 9 வயது. செஸ் வகுப்பில் சேர்த்தால் அவனுக்காவது வியாபார புத்தி வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைவிட இருபது வயது மூத்தவன். அந்த உரிமையில் தம்பி என்றே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகச் சிறு தொழில் செய்பவர்களின் கணக்கைப் பார்த்து வருகிறேன். அதற்கும் முன்பிருந்தே செஸ் ஆடுகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 60 சதவீதமும் இல்லை, 110 நாளும் இல்லை. 10.40, 10.55 என்று நீங்களே குறித்து வைத்திருக்கும் அந்த இரண்டு நேரங்கள்தான். நடுவில் பதினைந்தே நிமிடம். நேரத்தைக் குறிக்கத் தோன்றியதே, அது செஸ் ஆடியவரின் பழக்கம். ஆக, அந்தப் புத்தி உங்களை விட்டு எங்கும் போய்விடவில்லை.

பத்து நகர்வு முன்னால் யோசிப்பது என்பதை வெளியில் இருப்பவர்கள்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். நீங்கள் மாவட்ட அளவில் ஆடியவர், உங்களுக்கே தெரியும். நாம் தோற்ற ஆட்டங்களில் பத்தாவது நகர்வைப் பார்க்காமல் தோற்றது எத்தனை? எதிரில் இருப்பவர் இப்போது, இந்த நிமிடம், எதை எதற்காக நகர்த்தினார் என்று பார்க்காமல் தோற்றது எத்தனை? என் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். நம் திட்டத்தில் நாம் அவ்வளவு மூழ்கிப்போயிருப்போம். அவர் நகர்த்தியதைக் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2014 நவம்பரில் சோச்சி நகரத்தில் ஆனந்தும் நார்வேயின் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு ஆடிய ஆறாவது ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். நிலைமை கார்ல்சன் பக்கம் சாய்ந்திருந்தது. 26-வது நகர்வில் அவர் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். ஆனந்த் தன் குதிரையால் நடுவில் நின்ற ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். தவறு செய்துவிட்டோம் என்று கார்ல்சனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனந்த் அதிக நேரம் எடுக்கவில்லை. ஏற்கெனவே மனதில் வைத்திருந்தபடி ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். வாய்ப்பு போனது, அந்த ஆட்டமும் போனது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர் அவர். அந்தக் குதிரையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கார்ல்சன் தவறு செய்வார் என்று எதிர்பார்க்காததால் அந்த நகர்வைப் புதிதாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்காகக் குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும் கடைசி ஆட்டம், பதினான்காவது. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்து வைத்தார். முதலில் தனக்கு அது தவறு என்றே தெரியவில்லை, யானையை வேறிடத்துக்கு நகர்த்தத்தான் இருந்தேன், பிறகுதான் டிங்கின் பிஷப் மாட்டுவதைக் கவனித்தேன் என்று ஆட்டம் முடிந்த பின் குகேஷ் சொன்னார். யானைகள் போயின, பிஷப்களும் போயின, மீதமிருந்த ராஜா-சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

இரண்டு பேரும் நம் ஊரில் வளர்ந்தவர்கள். இரண்டு பேர் முன்னாலும் எதிராளியின் பிழை ஒன்று வந்து நின்றது. இரண்டு பேரும் முதலில் வேறொன்றைத்தான் ஆட இருந்தார்கள். ஒருவர் காயைத் தொடும் முன் இன்னொரு முறை பார்த்தார். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான். சோச்சி ஆட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

இப்போது உங்கள் 10.40-க்கு வருவோம். மேனேஜர் எழுதியதை மறுபடி படியுங்கள். "6 சதவீதம் குறையுங்கள்" என்று அவர் எழுதவே இல்லை. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறார். ஏன் கேட்டார்? எனக்குத் தெரிந்து நான்கு காரணம் இருக்கலாம். வருடாந்திரச் செலவை இத்தனை குறைத்துக் காட்டு என்று மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு டார்கெட் வந்திருக்கலாம். அந்த இன்னொருவரின் கொட்டேஷன் உண்மைதான், ஆனால் அவர் சொன்னது வேறு பேப்பராக இருக்கலாம். உங்கள் தொழிலில் 5 ப்ளை, அதாவது ஐந்து அடுக்குப் பெட்டி என்றால் எல்லாம் 5 ப்ளைதான், ஆனால் ஜிஎஸ்எம் என்கிற பேப்பர் எடை குறைந்தால், பிஎஃப் என்கிற பேப்பர் வலு 22-க்குப் பதில் 18 போட்டால், அடுக்கி வைக்கும்போது கீழ்ப்பெட்டி நசுங்கும் என்று எனக்கு விளக்கிச் சொன்னவர்களே உங்கள் பேட்டையில் இருக்கிறார்கள். மூன்றாவது, அவர் உங்களை வைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறார், ஆனால் விசாரித்ததாக ஃபைலில் ஒரு பதில் வேண்டும். நான்காவது, நிஜமாகவே மாறப் போகிறார்.

முதல் மூன்றுக்கும் பதில் வேறு வேறு. நீங்கள் நான்காவதை மட்டும் நம்பி, அதற்கும் பேசிப் பார்க்காமல், முழு விலையையும் கொடுத்துவிட்டீர்கள். அன்று ராத்திரி உங்களிடம் இருந்த மிக நல்ல நகர்வு, "காலையில் பேசுகிறேன் சார், அவர் எந்த ஸ்பெக்குக்கு விலை கொடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியுமா?" என்ற ஒரு வரி. அதற்குக் காசு செலவில்லை. எது உண்மை என்பதும் பாதி தெரிந்துபோயிருக்கும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1983, எனக்குப் பதினைந்து வயது. எழும்பூரில் ஒரு சின்ன ஹாலில் போட்டி. எதிரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பெரியவர், முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் ஜெயிக்கும் நிலையில் இருந்தேன். அவர் ஒரு பிஷப்பைச் சும்மா ஒரு கட்டம் பின்வாங்கினார். பயந்துவிட்டார் என்று நினைத்து யானையைத் தொட்டேன். தொட்ட அந்த நொடியில்தான் தெரிந்தது, அந்த பிஷப் என் ராணியைக் குறிவைத்து இறங்கியிருக்கிறது. தொட்டால் நகர்த்தியாக வேண்டும். நகர்த்தினேன், தோற்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் எழுந்து போகவில்லை. "உட்கார், நகர்வுத் தாளை எடு" என்றார். இரண்டு பேரும் எழுதி வைத்திருந்த நகர்வுகளைப் பார்த்து முதலிலிருந்து அடுக்கினோம். முக்கால் மணி நேரம். பிஷப் பின்வாங்கிய இடம் வந்ததும் என் தாளைத் திருப்பிக் காட்டினார். அதற்கு முந்தைய நகர்வுகளில் என் கையெழுத்து நிதானமாக இருந்தது. அந்த வரியில் மட்டும் கிறுக்கல். "இங்கே நீ அவசரப்பட்டிருக்கிறாய், உன் கையே சொல்கிறது" என்றார். இனிமேல் நகர்வை முதலில் தாளில் எழுது, பேனாவைக் கீழே வை, இப்போதுதான் ஹாலுக்குள் வந்தவன் மாதிரி பலகையை ஒரு தடவை பார், அப்புறம் காயைத் தொடு என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு நிறைய பேர் அப்படித்தான் ஆடினார்கள். இப்போது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியில் ஆடுவதற்கு முன் எழுதக் கூடாது. ஆனால் கொட்டேஷன் அனுப்புவதற்கு முன் எழுதக் கூடாது என்று வியாபாரத்தில் எந்த விதியும் கிடையாது.

ஆகவே, ஒரு நோட்டு வாங்குங்கள். செல்போனில் வேண்டாம், காகித நோட்டு. விலை, கடன், ஆள், மெஷின், இந்த நான்கில் எந்த முடிவு எடுத்தாலும் அனுப்பும் முன் மூன்று வரி எழுதுங்கள்: அவர் என்ன கேட்டார், ஏன் கேட்டிருப்பார், நான் என்ன சொல்லப் போகிறேன். எழுதிவிட்டு ஷெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து படியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வந்த எதற்கும் விலை சொல்லாதீர்கள், விடியட்டும்.

அடுத்தது கணக்கு. இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 6 சதவீதம் உங்களை என்ன செய்யும் என்பதை நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கம்பெனிக்கு மாதம் 10 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சரக்கு போகிறது. 110 நாள் என்றால் எந்த நேரத்திலும் சுமார் 40 லட்சம் ரூபாய் அவர்களிடம் நிற்கிறது. வங்கிப் பணமோ உங்கள் சொந்தப் பணமோ, 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 36 ஆயிரம். 100 ரூபாய் சரக்குக்கு 3 ரூபாய் 30 காசு. நீங்கள் 9 ரூபாய் நிற்கிறது என்கிறீர்கள். உண்மையில் நிற்பது 5 ரூபாய் 70 காசு. 6 ரூபாய் விலையைக் குறைத்தால் 94-க்கு விற்பீர்கள், அடக்கம் 91, மிச்சம் 3. வட்டியோ 3 ரூபாய்க்கு மேல். அதாவது மாதம் பத்து லட்சத்துக்குச் சரக்கு ஓட்டி, பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுத்து, கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. இதில் ஜிஎஸ்டியை நான் சேர்க்கவே இல்லை. பில் போட்ட மாதத்துக்கு வரியைக் கட்டியாக வேண்டும், அவர்கள் பணம் தந்தார்களா என்று அரசாங்கம் கேட்காது.

செஸ் கடிகாரத்தை வைத்துத்தான் இதை நான் எல்லோருக்கும் விளக்குவது வழக்கம். பலகையில் ஒரு யானை கூடுதலாக வைத்திருப்பீர்கள். இன்னும் நான்கு நகர்வில் மேட். ஆனால் கடிகாரத்தில் நேரம் முடிந்துவிட்டால் தோல்விதான், யானையை யாரும் எண்ணமாட்டார்கள். உங்கள் பக்கம் 30 நாளில் நேரம் முடிகிறது, அவர்கள் பக்கம் 110 நாள் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் மூடிப்போன கம்பெனிகளின் கடைசி வருடக் கணக்கை நான் நிறையவே முடித்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பல, காகிதத்தில் லாபத்தில்தான் இருந்தன. சம்பளத் தேதிக்குப் பணம் இல்லாமல் மூடியவை அவை.

அப்படியென்றால் எதிர்நகர்வு என்ன? விலையோடு நாட்களையும் சேர்த்துப் பேசுங்கள். "2 சதவீதம் குறைக்கிறேன், பணம் 30 நாளில் வேண்டும்." இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 98-க்கு விற்கிறீர்கள், அடக்கம் 91, மிச்சம் 7. 30 நாள் வட்டி 90 காசு. கையில் நிற்பது 6 ரூபாய் 10 காசு. விலையைக் குறைத்தும் இப்போது நிற்பதைவிட 40 காசு அதிகம்! அதைவிடப் பெரியது, அவர்களிடம் முடங்கியிருக்கும் 40 லட்சத்தில் 29 லட்சம் உங்கள் கைக்கு வந்துவிடும். சிசி கணக்கு மூச்சு விடும். 30 நாள் முடியாது, 45 என்று இழுத்தாலும் ஏறக்குறைய இப்போது நிற்பதே நிற்கும். மேனேஜருக்கு மேலிடத்தில் காட்ட ஒரு விலைக் குறைப்பும் கிடைக்கிறது.

45 நாள் என்பதற்குச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: உங்களைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் கொடுக்கப்படும் வருடத்தில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு இது நன்றாகவே தெரியும். உங்களுடைய உத்யம் எண் அவர்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இனி ஒவ்வொரு பில்லிலும் அதை அச்சிடுங்கள்.

ஆனால் பணம் தாமதமாகிறது என்று அரசாங்கத் தளத்தில் புகார் போடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், இப்போதைக்கு. மிரட்டலை நிறைவேற்றுவதைவிட மிரட்டல் நிற்பதே பலம் என்று செஸ்ஸில் ஒரு பழைய சொல் உண்டு. விற்பனையில் 60 சதவீதத்தை ஒருவரிடம் வைத்துக்கொண்டு அவர்மேல் வழக்குப் போடுவது உங்களுக்கே செக் வைத்துக்கொள்வது. பில்லில் அந்த எண் இருக்கட்டும், பேச்சில் அதை எடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள்.

10.55-க்குக் கொடுத்த வார்த்தையை என்ன செய்வது என்று உங்கள் மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ள வேண்டியதுதான். நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் இதைப் பேசாதீர்கள். "சார், அன்று ராத்திரி அவசரத்தில் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன், இந்த விலையில் உங்களுக்கு ஒழுங்காகச் சப்ளை செய்ய முடியாது. இப்படிச் செய்யலாமா?" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். நேர்மையாகச் சொன்னதற்காக ஆர்டர் போனதாக என் அனுபவத்தில் மிகக் குறைவு. அவர் பிடிவாதமாக, சொன்னது சொன்னதுதான் என்றால், ஒரு மாதம் அந்த விலையில் கொடுங்கள். 64,800 ரூபாய் குறையும். வலிக்கும்தான், ஆனால் வார்த்தை நின்றுவிடும். அடுத்த மாதத்திலிருந்து புதிய பேச்சு என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இங்கே செஸ் உங்களைத் தவறாக நடத்தக்கூடிய இடத்தையும் சொல்ல வேண்டும். பலகையில் எல்லாம் கண்முன் இருக்கிறது, எதிராளி எதையும் சட்டைப்பையில் ஒளித்து வைக்க முடியாது. வியாபாரத்தில் பாதிச் சீட்டு அடுத்தவர் கையில், அந்த வகையில் அது ரம்மிக்குத்தான் நெருக்கம். அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். இன்னொன்று, பலகையில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்க வேண்டும். அந்த மேனேஜர் உங்கள் எதிராளி இல்லை, தம்பி. அவர் ஜெயித்து நீங்களும் ஜெயிக்கிற நகர்வு இருக்கிறது. நான் மேலே சொன்ன 2 சதவீதம், 30 நாள் அப்படி ஒன்று. கடிதத்தில் இரண்டு இடத்தில் "அவர்களை மடக்க" என்று எழுதியிருக்கிறீர்கள் (கடிதத்தைச் சுருக்கும்போது அதை எடுத்துவிட்டேன்). அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள்.

60 சதவீதம் பற்றிச் சுருக்கமாக. ஆரம்பத்தில் ஆடுபவர்கள் ராணியை மட்டும் வெளியே கொண்டுவந்து சுற்றுவார்கள். அதைத் துரத்தித் துரத்தியே எதிராளி தன் காய்களை எல்லாம் நல்ல இடத்தில் வைத்துவிடுவார். ஒரே கஸ்டமரை நம்பியிருப்பதும் அப்படித்தான். மெஷின் செட்டிங் மாற்ற நேரமாகிறது என்று சின்ன ஆர்டர்களை இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். பாடியில் ஒரு இனிப்புக்கடை, திருமுல்லைவாயலில் ஒரு ஊறுகாய்க்காரர், அவர்களுக்கெல்லாம் ஃபோன் செய்யுங்கள். கையில் காசு கொடுத்து எடுத்துப் போகிறவர்கள் அவர்கள். சனிக்கிழமையை அவர்களுக்கு என்று ஒதுக்குங்கள், செட்டிங் மாற்றுவது ஒரு நாளோடு முடிந்துவிடும். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

ரிசைன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஆட்டத்தை ரிசைன் செய்வது வேறு, செஸ்ஸையே விட்டுவிடுவது வேறு. 2013 நவம்பரில், அண்ணா சாலையில் இருக்கும் ஹோட்டலில், சொந்த ஊர்க்காரர்கள் பார்க்கப் பார்க்க ஆனந்த் பட்டத்தை இழந்தார். 6½–3½. பத்து ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அவர் காலம் முடிந்தது என்று பேசாதவர் கிடையாது, நானும் அப்படித்தான் நினைத்தேன். 2014 மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் நகரத்தில், சாம்பியனோடு ஆடப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்து, அதே கார்ல்சனுக்கு எதிரில் மறுபடி போய் உட்கார்ந்தார். குகேஷும் அப்படித்தான். 2024-இல் டொரொன்டோவில் நடந்த கேண்டிடேட்ஸில் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார், நேர நெருக்கடியில். மீதி ஏழு சுற்றில் 5 புள்ளி எடுத்துப் போட்டியை ஜெயித்தார். அந்தத் தோல்விதான் தனக்கு வேகம் கொடுத்தது என்று அவரே பின்னால் சொன்னார்.

எனவே தொழிலை இப்போது விடாதீர்கள். இந்த ஒரு கஸ்டமரை விடுவதற்கு மட்டும் ஒரு வரம்பு வையுங்கள், இன்றைக்கே, மனசு அமைதியாக இருக்கும்போது. ஆறு மாதத்தில் 110 நாள் 60-க்கு இறங்கவில்லை என்றால் அவர்களுக்குப் போகும் சரக்கைப் பாதியாக்குங்கள். ஒரு மெஷின் சும்மா நிற்கும், இரண்டு பேருக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கும். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் சம்பளமே கொடுக்க முடியாத ஒரு மாதம் வந்தால் பதினோரு பேருக்கும் அதே கதிதான்.

மகனைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. செஸ் ஆடினால் வியாபார புத்தி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகச் செஸ் ஆடி, வியாபாரத்தில் கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். செஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் பாரிமுனையில் மூன்று கடை வைத்திருப்பவரையும் தெரியும். அவனுக்கு ஆட்டம் பிடித்தால் சேருங்கள். ஆனந்துக்கு ஆறு வயதில் அம்மாதான் வீட்டில் சொல்லிக் கொடுத்தார், வியாபாரத்துக்காக இல்லை. நீங்களும் வீட்டில் முதலில் ஆடுங்கள். அவன் தோற்றால் உடனே பலகையை மடித்து வைக்காதீர்கள். எங்கே தோற்றோம் என்று அவனோடு சேர்ந்து அடுக்கிப் பாருங்கள். எழும்பூர் ஹாலில் அந்தப் பெரியவர் எனக்குக் கொடுத்த முக்கால் மணி நேரத்தை அவனுக்கு நீங்கள் கொடுக்கலாம். அவர் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. அந்தக் கையெழுத்துக் கிறுக்கலை விரலால் தொட்டுக் காட்டியது மட்டும் மறக்கவில்லை.

மேனேஜரைப் பார்க்கப் போகும்போது கடைசி பன்னிரண்டு மாதப் பில்களின் தேதியும், பணம் வந்த தேதியும் ஒரே தாளில் இருக்கட்டும். 110 நாள் என்பது உங்கள் மனக்கணக்கா, உண்மைக் கணக்கா என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும். போய்வந்து, அவர் ஏன் கேட்டார் என்பது தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். நோட்டை மட்டும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். முதல் வரியாக அந்த ராத்திரியை எழுதுங்கள்: 10.40, அவர் கேட்டது, 10.55, நான் சொன்னது. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்